அவரவர் கையால் ஒரு சுருள்

அத்தியாயம் 11

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பெரியவள் போன் போட்டு அழைத்ததையும், அழைப்பைக் கேட்ட சின்னவள் பயந்துபோனதையும் சொல்லிவிட்டுப் போன வாரம் எழுந்து போய்விட்டேன். "ஒரு சாப்பாட்டுக்கா இந்தப் பயம்?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பெரியவள் வீட்டில் நீங்கள் சாப்பிட்டதில்லை. அங்கே சோற்றோடு சேர்த்து மனுஷர்களையும்தான் மெல்லுவார்கள்.

இன்றைக்குத்தான் உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணன், தம்பி இருவரும் பல் டாக்டர்கள். ஒரே கிளினிக், இரண்டு நாற்காலி. தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற நர்ஸையே தம்பி கல்யாணம் செய்துகொண்டார். அவள்தான் சின்னவள். அண்ணன் பெண்டாட்டியான பெரியவளுக்கு அந்தக் கல்யாணம் இன்றுவரை ஜீரணமாகவில்லை.

சின்ன டாக்டரின் வலது கை சில மாதங்களாக நடுங்குகிறது. சும்மா மடியில் கிடக்கும்போது ஒன்றுமில்லை. ஒரு பொருளை எடுத்து, ஓர் இடம் பார்த்துக் கொண்டுபோய் வைக்கும்போதுதான் உதறும். இது தெரிந்த ஆள் சின்னவள் ஒருத்திதான். அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். நோயாளியின் தலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவள். வலது கையில் குழாய். இடது கையின் இரண்டு விரல்களை அவருடைய மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொள்வாள். கை நின்றுவிடும். கண் கூசும் விளக்கின் அடியில் வாயைப் பிளந்து கிடக்கிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

அப்படித்தான் போன மாதம் ஒரு பாட்டு டீச்சர் வந்து படுத்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லை ராவும்போது, தாங்கிய விரல்களையும் மீறிக் கை உதறி, சுழல்கிற ஊசி நாக்கின் ஓரத்தைக் கிழித்துவிட்டது. நாக்கை ஒதுக்கிப் பிடிப்பது நர்ஸின் வேலை. ஒரு கை குழாயிலும் ஒரு கை புருஷன் மணிக்கட்டிலும் இருந்தால், நாக்கைப் பிடிக்க இன்னொரு கைக்கு அவள் எங்கே போவாள்?

"நீங்க அசைஞ்சுட்டீங்க டீச்சர்" என்றார் சின்ன டாக்டர். "ஆமா டீச்சர், அசைஞ்சீங்க" என்று சின்னவளும் சொன்னாள். தையல் ஆறிய பிறகும் டீச்சரின் நாக்கு பழையபடி புரளவில்லை. பாட்டு வகுப்பு நின்றுபோயிற்று. தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சின்னவளால் மறக்க முடியவில்லை.

இப்போது புதன்கிழமைக்கு வாருங்கள்.

மத்தியானம் கடைசி நோயாளி வாய் கொப்பளித்துவிட்டுப் போனதும், சின்னவள் புருஷனைக் கருவிகள் சுத்தம் செய்யும் சின்ன அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். டப்பாவில் சோறு கொண்டுவந்திருந்தாள். நீள நீளமாக நறுக்கிய வெள்ளரி. கூடவே கறுப்பாக ஒரு கட்டுத் தாள்.

"என்ன இது, கார்பன் பேப்பர் மாதிரி?"

"கடற்பாசித் தாளுங்க. ராத்திரி சுஷி, ஜப்பான்காரங்க சாப்பாடு. அக்கா நேத்தே சொல்லிட்டாங்க, அவங்கவங்களே சுருட்டிச் சாப்பிடணுமாம்."

"பசிக்கலைன்னு சொல்லிடறேன்."

"பசிக்கலைன்னா உடம்புக்கு என்னன்னு கேப்பாங்க. கேக்கறவரும் டாக்டர்."

அவர் தாளை வாங்கிக்கொண்டார். சின்னவள் வாத்தியார் ஆனாள்.

"தாளை இடது உள்ளங்கையில வெச்சுக்குங்க. சோத்தை நானே எல்லாருக்கும் பரிமாறுற மாதிரி உங்களுக்கும் வெச்சிடறேன். வெள்ளரி, மீன் எல்லாம் நீளத் துண்டுதான், விரலால எடுத்து மேல போட்டாப் போதும். கொஞ்சம் கோணலா விழுந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் இடது கைக் கட்டை விரலால இந்த மூலையை மடக்கி அப்படியே உருட்டுங்க. கூம்பு மாதிரி வந்துடும். ஸ்பூன் பக்கம் மட்டும் போகாதீங்க."

முதல் சுருள் வாய் பிளந்து சோற்றைக் கக்கியது. இரண்டாவது கிழிந்தது. மூன்றாவது நன்றாகவே வந்தது. அவர் சின்னப் பையன் மாதிரி அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! சின்னவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகின இடத்தில் வாயைக் கொடுத்தாள்.

"இந்தக் கஷ்டத்துக்குப் பதிலா அண்ணன்கிட்டயே சொல்லிடலாமேங்க. வைத்தியம் பாக்கலாம்."

சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அண்ணன் இன்னிக்கு என்னவோ முடிவு சொல்லப்போறார். எனக்கு நல்ல முடிவுதான். அதுல மண்ணை அள்ளிப் போடாதே."

"அந்த டீச்சர் நாளைக்குப் புகார் குடுக்கப்போறாங்களாம். ரிசப்ஷன்ல உக்காந்திருக்கிற பொண்ணு சொல்லுச்சு."

"குடுக்கட்டும். நாம ரெண்டு பேர், அவங்க ஒருத்தி. அசைஞ்சது அவங்க."

"அசையலைங்களே."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னிக்கு ஒரு ராத்திரி தாண்டட்டும்மா. என்னைக் காப்பாத்திடு. அவ்வளவுதான் கேக்கறேன்" என்றார். அவர் "காப்பாத்து" என்று கேட்டு அவள் எதை மறுத்திருக்கிறாள்? சரியென்று தலையாட்டினாள். கையை மறைத்து அந்தச் சாப்பாட்டு மேஜையைத் தாண்டினால் புருஷனுக்கு வேலை மிஞ்சும், மானம் மிஞ்சும். இல்லாவிட்டால் இரண்டும் போகும்.

*

"வாங்க தம்பி, வாங்க!" என்று கதவைத் திறந்த பெரியவள், பின்னால் நின்றவளைப் பார்த்து, "வா நர்ஸம்மா" என்றாள். வரவேற்பு அவ்வளவுதான்.

ஒடுக்கமான நீள மேஜை. அதன்மேல் சலவை வெள்ளைத் துணி. பெரிய மரக் கிண்ணத்தில் வினிகர் கலந்த சோறு. தட்டுகளில் ஆரஞ்சு நிற சால்மன் மீன், அவித்த இறால், வெள்ளரி, அவகாடோ. அடுக்கி வைத்த கறுப்புத் தாள்கள். ஆளுக்கொரு குட்டிக் கிண்ணத்தில் சோயா சாஸ்.

"சும்மா வார நாள் சாப்பாடுதான். ஒண்ணும் தடபுடல் இல்லை" என்றாள் பெரியவள். தடபுடல் இல்லை என்பதைச் சொல்வதற்காகவே மேஜையை மூன்று தடவை சுற்றி வந்தாள். "நறுக்கி வெச்சா நம்ம வேலை முடிஞ்சுது. அப்புறம் அவங்கவங்க கை, அவங்கவங்க சுருள். இன்னிக்கு இதான் சட்டம்."

சின்னவள் புருஷனுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்தாள்.

"அங்க இல்லை. எதிர்ல உக்காரு. கிளினிக்லதான் நாள் பூரா அவரை ஒட்டிக்கிட்டு நிக்கிறியே, போதாதா?"

பெரிய டாக்டர் மேஜையின் ஒரு முனையில் உட்கார்ந்தார். முதுகுக்கு ஒரு தலையணை. தம்பி அவருக்கு வலது பக்கம், சின்னவள் இடது பக்கம். பெரியவள் நின்றுகொண்டே மேற்பார்வை பார்த்தாள்.

சின்னவள் சோற்றுக் கரண்டியை எடுத்தாள். "எல்லாருக்கும் நான் வெச்சிடறேன்க்கா."

"கரண்டியை வெச்சிட்டு உக்காரு. இங்க நீ நர்ஸ் வேலை பாக்க வேண்டாம்."

முதல் அடி அங்கேயே விழுந்தது. சின்ன டாக்டர் அசரவில்லை. கரண்டியை இடது கையால் எடுத்து, தட்டில் கிடந்த தாளில் சோற்றை இட்டார். பிறகு தாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"என்ன தம்பி, இடது கைப் பழக்கம் எப்ப வந்துச்சு?"

"ரெண்டு கையும் பழகினா நல்லதுதானே அண்ணி."

சால்மன் துண்டு சற்றுக் கோணலாக விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. மடித்தார், உருட்டினார், கூம்பு வந்தது. மத்தியானப் பாடம் வீண்போகவில்லை. சின்னவள் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள். விட்ட கையோடு தனக்கும் ஒன்று சுருட்டினாள். கச்சிதமாக வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

"பாருங்களேன்!" என்று பெரியவள் கையைத் தட்டினாள். "சுருட்டறதுல நர்ஸம்மா கெட்டிக்காரிதான். என் கொழுந்தனையே சுருட்டினவளாச்சே!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சின்ன டாக்டரும் சிரித்தார். கூடச் சிரித்தால் ஒரு பேச்சு குறையும் என்று நினைத்திருக்கலாம். சின்னவளுக்குச் சுருக்கென்றது. இன்று ஒரு நாள்தானே என்று மென்று விழுங்கினாள்.

இரண்டாவது சுற்று முடிந்ததும் பெரிய டாக்டர் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர் என்று பேர் வாங்கினவர். நோயாளிகளிடம் குரலை உயர்த்தியதே இல்லை.

"என் முதுகு இனிமே தாங்காதுடா. அடுத்த மாசத்திலேர்ந்து கடைவாய்ப் பல் ஆபரேஷன், தாடை எலும்பு வேலை எல்லாம் உன் நாற்காலிக்கு. நான் பல்லைச் சுத்தம் பண்ணிக்கிட்டு, கொப்பளிங்கன்னு சொல்லிக்கிட்டு, ஓரமா இருந்துக்கறேன்."

"சரிண்ணா" என்றார் தம்பி.

ஒரு நொடி யோசிக்கவில்லை. 'பாக்கலாம்ணா' என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. எலும்பை அறுக்கிற வேலை. இந்தக் கையோடு. சின்னவள் எதிரே உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. கையைக் கண்டு பயந்து பழகியவள், இப்போதுதான் முதல் தடவையாக ஆளைக் கண்டு பயந்தாள்.

"இதுக்குன்னே ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கேன்" என்று பெரியவள் உள்ளே போய் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தோடு வந்தாள். ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று மீன் முட்டை. ஒவ்வொன்றும் ஒரு மணி. "இதைச் சுருள் மேல வெச்சுச் சாப்பிடணும். விரல் பட்டா உடைஞ்சிடும், ஸ்பூன்லதான் எடுக்கணும். தம்பி, முதல்ல நீங்க."

தெரிந்துதான் செய்தாளா என்று கேட்காதீர்கள். பெரியவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆசையாகத்தான் கொண்டுவந்து வைத்தாள். சின்னவள் நாள் பூராவும் அவளுக்குப் பயந்தது அத்தனையும் வீண்.

சின்ன டாக்டரின் இடது கையில் சுருள் இருந்தது. வேறு வழியில்லாமலும், கொஞ்சம் மிதப்பாகவும், வலது கையால் ஸ்பூனை எடுத்தார். முட்டையை அள்ளினார். கிண்ணத்திலிருந்து சுருளுக்கு ஒரு சாண் தூரம். பாதி வழியில் ஸ்பூன் உதற ஆரம்பித்தது.

சின்னவளின் இடது கை மேஜையைத் தாண்டிப் போய், இரண்டு விரல்களை அவருடைய மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்தது. அவள் யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டிருப்பாள், இருமியிருப்பாள், எதையாவது செய்திருப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை செய்து செய்து பழகிய கை, தானாகப் போய்விட்டது.

ஸ்பூன் நின்றது. முட்டை அத்தனையும் சுருளின் தலையில் அழகாகப் போய் உட்கார்ந்தது. ஒரு மணிகூடச் சிந்தவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

பெரியவளுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. "ஐயோ, ஊட்டிவிடாத குறைதான்!" என்றாள். ஆனால் மேஜை முனையில் இருந்தவர் முப்பது வருஷமாக வாய்க்குள் வேலை பார்க்கிற மனிதர். புருஷன் கையைப் பெண்டாட்டி பிடிக்கிற பிடி வேறு, இது வேறு. அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் நர்ஸ், மணிக்கட்டுக்கு அடியில் விரல். நடுவில் திறந்த வாய் ஒன்றுதான் இல்லை.

"அப்படியே இருங்க" என்றார் பெரிய டாக்டர்.

இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"இந்தப் பிடி எங்க பழகினது?"

"எதுண்ணா?" என்றார் தம்பி.

"நீ விடும்மா. கையை எடு."

"மாமா, அது சும்மா..."

"எடுன்னு சொன்னேன்."

சின்னவள் கையை எடுத்தாள். பெரிய டாக்டர் கிண்ணத்தைத் தம்பியின் முன்னால் தள்ளினார். "இப்ப நீ மட்டும் எடு."

சின்ன டாக்டர் அள்ளினார். பாதி வழியில் ஸ்பூன் உதறி, முட்டை வெள்ளைத் துணியில் சிதறியது.

"இன்னொரு தரம்."

மறுபடியும் சிதறியது. "என்னங்க இது, புதுத் துணி" என்று பெரியவள் ஆரம்பித்தாள். புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"எடுடா."

"அண்ணா, போதும்ணா."

"எடு."

அவர் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொள்ளப் போனார். "ஒரு கையால" என்றார் அண்ணன். குரல் உயரவே இல்லை. நோயாளியிடம், 'இப்ப கொஞ்சம் வலிக்கும்' என்று சொல்கிற அதே குரல். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, தன் வாயைத் திறந்தார். "இங்க வை. நான்தான் உன் நோயாளி. வை."

ஸ்பூன் போயிற்று. அண்ணனின் முன் பல்லில் 'டக்'கென்று இடித்தது. முட்டை அவர் முகவாயில் வழிந்து சட்டையில் ஒட்டியது. துடைத்துக்கொள்ளாமல் நிமிர்ந்தார். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சின்னவளால் பார்க்க முடியவில்லை.

"விடுங்க மாமா, பாவம்" என்றாள். "தப்புதான். உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"பாட்டு டீச்சர் அசையலை" என்றார் பெரிய டாக்டர். கேள்வியாகக் கேட்கவில்லை. "நான் அந்த அம்மா வீட்டுக்கே போய், என் தம்பி கை தங்கக் கை, நீங்கதான் அசைஞ்சீங்கன்னு சத்தியம் பண்ணாத குறையாச் சொல்லிட்டு வந்தேன். சொல்லுடா. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

சின்ன டாக்டர் துணியில் கிடந்த முட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"அவதான்ணா."

"என்ன?"

"அவதான் கையைப் பிடிச்சா. வேண்டாம், எனக்கே முடியும்னு எத்தனையோ தரம் சொல்லிட்டேன், கேக்கலை. அன்னைக்குப் பிடிச்சு இழுத்துட்டா. நாக்கை ஒதுக்கிப் பிடிக்க வேண்டியதும் அவதானே? பிடிக்கலை. அவ என்ன டாக்டரா? அவளுக்கு என்னண்ணா தெரியும்?"

சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. காது அடைத்துக்கொண்டது. 'காப்பாத்திடு' என்று கேட்ட அதே வாய். அந்தக் கையைத் தாங்கித் தாங்கி அவளுடைய விரல் மூட்டுகள் ராத்திரியில் வலிக்கும். அவர் தைலம் தடவிவிட்டிருக்கிறார். இப்போது அவளை 'அவ' என்கிறார், பேர் தெரியாத ஆளைச் சொல்வது போல.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

அவர் பார்க்கவில்லை.

பெரிய டாக்டர் இப்போதுதான் முகவாயைத் துடைத்தார். அவர் கணக்குப் போடுகிற மனிதர். தம்பி சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும். சின்னவளுக்கு அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனாலும் அந்தப் பொய்யை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சந்தையில் காய் பார்ப்பது மாதிரி. வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர் கை நடுங்குதுன்னா கிளினிக்கையே மூடணும்" என்றார் மெதுவாக. "நர்ஸ் கை தவறிடுச்சுன்னா, நர்ஸ் போனாப் போதும்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றாள் பெரியவள். அவளுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது, அல்லது விளங்க வேண்டிய அளவுக்கு விளங்கிவிட்டது. "குழாய் பிடிக்கிறவளைக் குழாயோட நிறுத்தியிருக்கணும்."

"அவனுக்கு வெளியூர்ல வைத்தியம் பாக்கலாம். அதுவரைக்கும் முதுகுவலின்னு லீவு போடட்டும். முதுகுவலி எங்க குடும்பத்துக்கே உண்டு, யாரும் கேக்க மாட்டாங்க." பெரிய டாக்டர் தன் போனை எடுத்தார். "டீச்சர் நாளைக்குப் புகார் குடுக்கறதா இருக்காங்க. அதுக்கு முன்னாடி நீயே பேசி மன்னிப்புக் கேட்டுடும்மா. என் கை தவறிடுச்சு, டாக்டர் மேல தப்பில்லை, என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. அழுதாலும் பரவாயில்லை, நல்லதுதான்."

"மாமா, அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

ஒரே வார்த்தை.

சின்னவள் எதிரே பார்த்தாள். பெரியவள் கொழுந்தனின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். ஒரு தாளை எடுத்து, சோறு வைத்து, மீன் வைத்து, பக்குவமாகச் சுருட்டி, அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். "மனசை விடாதீங்க தம்பி. சாப்பிடுங்க. நாங்க எல்லாம் எதுக்கு இருக்கோம்?" சட்டம் போட்டவளே மீறினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

சாப்பிட்டார், ஐயா! அந்த வாயால், அந்த நேரத்தில், ஒரு கடி கடித்து மென்றார். மென்றுகொண்டே, "கொஞ்ச நாளைக்குத்தான்மா. அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்றார். அதையும் சோயா சாஸ் கிண்ணத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

சின்னவளுக்குள் அதுவரை என்னவோ ஒன்று அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தது. அது விட்டுப்போயிற்று. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது வெறுப்பு. சுத்தமான வெறுப்பு. அது இத்தனை சுலபமாக வருமென்று அவளுக்கே தெரியாது.

"போடுங்க மாமா" என்றாள். "பேசறேன்."

பெரிய டாக்டர் எண்ணை அழுத்தி, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, போனை அவள் முன்னால் வைத்தார். அந்தப் பக்கம் எங்கேயோ டி.வி. ஓடுகிற சத்தம்.

"யாரு?" என்றது டீச்சரின் குரல். ஒரே ஒரு வார்த்தைதான். அதுவே வழுக்கிக்கொண்டு, பாதி தேய்ந்து வந்தது. குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த குரல்.

"டீச்சர், நான் கிளினிக் நர்ஸ் பேசறேன்."

"சொல்லுங்க."

பெரிய டாக்டர் 'என் கைதான்' என்று உதட்டை மட்டும் அசைத்துக் காட்டினார். பெரியவள் இன்னொரு வாய் கொழுந்தனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க அசையலை."

பெரியவளின் கை நின்றது.

"சின்ன டாக்டருக்குக் கை நடுங்குது. ரொம்ப நாளா. அதை வெளியே தெரியாம நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அதனால உங்க நாக்கை ஒதுக்கிப் பிடிக்க எனக்குக் கை இல்லை. நீங்க அசைஞ்சீங்கன்னு சொன்னது பச்சைப் பொய்."

பெரிய டாக்டர் போனுக்குக் கையை நீட்டினார். சின்னவள் அவருக்கு முன்னால் அதை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"எனக்குத் தெரியும்மா" என்றார் டீச்சர். ஒவ்வொரு வார்த்தையையும் தூக்கி வைப்பது போலப் பேசினார். "நாக்கு என்னோடது. எனக்குத் தெரியாதா? ஆனா என் வீட்டுக்காரரே நம்பலை. 'ரெண்டு பேர் பாத்துச் சொல்றாங்க, நீ அசைஞ்சிருப்பே, பேசாம இரு'ன்னு தினம் சொல்றார். நான் பேசினாலே இப்ப அவருக்கு எரிச்சலா வருது. இருங்க. அவர் பக்கத்து ரூம்லதான் இருக்கார். இன்னொரு தரம் சொல்லுங்க. அவர் கேக்கட்டும்."

டி.வி. சத்தம் நின்றது. யாரோ எழுந்து வருகிற ஓசை, டீச்சர் அவரிடம் விஷயத்தைச் சொல்கிற ஓசை.

"கட் பண்ணும்மா" என்றார் பெரிய டாக்டர். இப்போது குரல் உயர்ந்தது. "இது குடும்பத்து விஷயம்!"

"தொலைச்சிடாதே" என்றார் சின்ன டாக்டர். கடைசியில் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டார். வாயில் சோறு இருந்தது. "நம்ம வாழ்க்கையைத் தொலைச்சிடாதேம்மா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

போனில் ஓர் ஆண் குரல், கறாராக, "ஹலோ. யாருங்க நீங்க? அன்னைக்குப் பொய் சொன்னது யாருங்க?" என்று கேட்டது.

"நானும் என் வீட்டுக்காரரும்" என்றாள் சின்னவள். "அவரும் இங்கதான் இருக்கார். குடுக்கறேன், அவரையே கேளுங்க."

போனை மேஜைக்கு மேலாகப் புருஷனிடம் நீட்டினாள்.